மலை செய்த குற்றமா?

கேரளத்தின் ஏலக்காய் ஊரான வண்டன்மேட்டின் கடைவீதியில் சக்கர நாற்காலி போக வழியில்லையே என்று யாராவது கேட்டால், நாம் உடனே மலையைக் காட்டிவிடுவோம். மேடும் பள்ளமுமான ஊரில் என்ன செய்ய முடியும் என்போம். கேட்டவர் பேச்சை நிறுத்திக்கொள்வார்.

அந்த வீதியில் மலை வைத்த தடைகள் எத்தனை? மழைத்தண்ணீர் ஏறக் கூடாது என்று கடையை உயர்த்தியது நாம். படிகளை ரோட்டோரம் வரை இழுத்துவிட்டதும் நாம்தான். ஓடையின் மேல் சிலாப் உடைந்தால் ஒரு பலகையைப் போட்டுவிட்டுப் போனோம். மிச்சமிருந்த இடத்தில் ஜீப்பை நிறுத்தினோம், மூட்டையை இறக்கினோம். ஊன்றுகோலோடு வருகிறவர் ரோட்டில் இறங்கி, வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடமின்றி நிற்கிறார். 8 மில்லிமீட்டர் ஏலக்காயையும் 7 மில்லிமீட்டர் காயையும் சல்லடை போட்டுப் பிரிக்கும் ஊர், தன் கடைப் படியை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

"அக்கா, நீங்க அங்கேயே நில்லுங்க, நான் எடுத்துட்டு வாரேன்" என்று சொல்வதை உதவி என்று நினைத்தோம். அவர் சேலையைத் தொட்டுப் பார்க்கவில்லை, விலை விசாரிக்கவில்லை. நாம் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். கம்பம், போடிப் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வரும் பெண்களில் முழங்கால் தேய்ந்தவர்களை ஜீப்பில் கைகொடுத்துத் தூக்கிவிட்டோம். தூக்கியும் ஏற முடியாத நாள் வந்ததும் அவர்கள் வேலையை விட்டு நின்றார்கள். 'வயசாயிருச்சு' என்று முடித்துக்கொண்டோம். ஜீப்பின் படி உயரம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நடைபாதையில் சக்கர நாற்காலிக்குச் சரிவு வேண்டும் என்று 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே சொன்னது; பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்றொரு ஓட்டையும் அதில் இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசோடு தனியாரையும் சேர்த்தே பொறுப்பாக்கியது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் பார்வையற்றவர். அவர் கோர்ட்டுக்குப் போய் வாங்கிய உரிமையை நாம் செய்தியாகப் படித்துவிட்டு மடித்து வைத்தோம்.

கேரளத்தில் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அங்கே தெருவிளக்கு கேட்டோம், தோட்டத்துக்கு ரோடு கேட்டோம். சரிவுப் பாதை கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் அந்தக் கூட்டத்துக்கு எப்படி வந்து சேர்வார்கள் என்றும் யோசிக்கவில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது சரிவுப் பாதையின் பொதுவான அளவு. அரை அடி படிக்கு ஆறடி வேண்டும். அதை வெளியே நீட்டினால் நடக்கும் வழியை மறுபடியும் அடைத்தவர்களாவோம். கடைக்குள்ளிருந்துதான் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த ஆறடியில் சரக்கு அடுக்கலாம் என்ற ஆசைதான் இத்தனை வருஷம் நம்மைப் பேசாமல் இருக்க வைத்தது. பஞ்சாயத்தைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் அந்தச் சரக்கை நகர்த்த வேண்டியவர்கள் நாம்.