கபிலர் திருப்பிப் பேசமாட்டார்

பள்ளிப் பாடநூலிலிருந்து சங்கப் பாடல்களைத் தூக்கிவிட்டு, எளிய உரைநடைச் சுருக்கத்தைப் போட்டால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் தமிழ் புரியாதாம். புரியாததை உருப்போட வைப்பது வதையாம். வதை நடப்பது உண்மை. ஆனால் ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்.

குறுந்தொகை 25ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடியது, மொத்தமே ஐந்து அடி. மறைவில் தன்னை மணந்தவன் சொல் தவறினால் என்ன செய்வேன் என்று ஒருத்தி கலங்குகிறாள். அப்போது அங்கே வேறு யாருமில்லை. தினைத்தாள் போன்ற கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு ஒரு குருகு நின்றது, அவ்வளவுதான். இருந்த ஒரே சாட்சிக்கும் கண்ணெல்லாம் இரைமேல்! இதில் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு எது புரியாது, அவள் பயமா? வாய்க்காலில் மீன் பிடித்துத் திரியும் தஞ்சாவூர்ப் பையனுக்கு அந்தக் குருகு நிற்கும் நிலை கட்டுரையாளரைவிட நன்றாகவே தெரியும். அருஞ்சொல் நாலைந்து இருக்கும். அதைச் சொல்லித்தரத்தானே ஆசிரியர்? சரி, சுருக்கினால் என்ன மிஞ்சும்? 'தலைவி வருந்தினாள்.' இதற்கு ஒரு பாடம் எதற்கு?

வதை வருவது 'அடிபிறழாமல் எழுதுக' என்ற வினாவிலிருந்து. பாடலை ஒருமுறைகூட வாய்விட்டு வாசிக்காமல், இலக்கணக் குறிப்பையும் பகுபத உறுப்பிலக்கணத்தையும் கரும்பலகையில் எழுதிப்போடும் வகுப்பிலிருந்து. பொறியியல் கலந்தாய்வுக்கு கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. தமிழுக்குப் பூஜ்யம். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ்ப் பாடவேளையை வேதியியலுக்குத் தாரைவார்க்கும் பள்ளிகள் இருப்பது ஊரறிந்த விஷயம். இதைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. தேர்வுமுறையைத் தொட்டால் வம்பு வரும். கபிலர் திருப்பிப் பேசமாட்டார்.

கடினம்தான் குற்றம் என்றால் முக்கோணவியலை ஏன் விட்டுவைத்தார்? அதுவும் பலருக்குப் புரிவதில்லை. அதற்கு யாரும் சுருக்கம் கேட்பதில்லை, டியூஷன் வைக்கிறார்கள். ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளில் இதே வயதுப் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' படித்திருக்கிறார்கள். நானூறு ஆண்டுப் பழைய ஆங்கிலம்! வதை என்று எந்தப் பெற்றோரும் கண்ணீர் விடவில்லை. பணம் கட்டிப் படித்தால் கடினம் பெருமை, அரசுப் பள்ளியின் இலவசப் பாடநூலில் வந்தால் மட்டும் கொடுமையா?

1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும் 1937இல் உ.வே.சாமிநாதையரும் குறுந்தொகைக்கு உரை எழுதிப் பதிப்பித்தார்கள். ஏட்டில் கிடந்தது எல்லார் கைக்கும் வந்தது அப்படித்தான். வீட்டில் புத்தக அலமாரி இல்லாத பிள்ளைக்கு அது கைக்கெட்டும் இடம் பாடநூல் ஒன்றே. அங்கிருந்தும் பிடுங்கினால், கல்லூரியில் தமிழ் எடுக்கும் சிலரோடு அது நின்றுபோகும். இதற்குப் பெயர் மாணவர் நலனாம்!

பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும் ஒரு வேண்டுகோள். வேண்டுமானால் பாடல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மனப்பாட வினாவை எடுத்துவிட்டு, பாடலை வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுங்கள். உனக்கு என்ன தோன்றுகிறது, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். சில ஆண்டுகள் இப்படி நடத்திப் பார்த்தும் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால், அவர் தம் கட்டுரையைத் தாராளமாக மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம்.