கரையில் நடக்கும் பாடம்

ரிஷிகேஷ் என்றதும் யாத்ரிகர்கள் நினைவில் வருவது திரிவேணி காட்டின் மாலை நேர ஆரத்தி. பத்ரிநாத் சாலையில் இன்னும் 16 கி.மீ. மேலே போனால் சிவ்புரி. அங்கே கங்கைக் கரையில் வேறு வகையான பக்தர் கூட்டம். தில்லியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த இளைஞர்கள் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் சகிதம் ரப்பர் படகைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்குகிறார்கள்.

அலக்நந்தாவும் பாகீரதியும் தேவப்பிரயாகையில் கலந்து கங்கையான பிறகும், ரிஷிகேஷில் சமவெளியைத் தொடும்வரை இது மலை நதிதான். பாறைகள் வழிமறிக்கும் இடங்களில் நுரைத்துக்கொண்டு பாய்கிறது. அப்படிப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் உண்டு: ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், த்ரீ பிளைண்ட் மைஸ். பகீரதன் கொண்டுவந்த நதிக்கு இப்படியும் பெயர் சூட்டலாம் போலிருக்கிறது! பாய்ச்சலின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பது உலக வழக்கம். சிவ்புரிக்கு மேலே உள்ள 'தி வால்' 4-ஐத் தாண்டியது. அனுபவமில்லாதவர்களை அங்கே கரையோரமாக நடக்கவிட்டு, படகை மட்டும் ஓட்டிச் செல்லும் கைடுகள் உண்டு. அது கோழைத்தனம் அல்ல, தொழில் தெரிந்தவர்களின் விவேகம்.

படகைத் தண்ணீரில் தள்ளுவதற்கு முன் கரையில் ஒரு பாடம் நடக்கும். பலரும் போட்டோ எடுத்துக்கொண்டே கேட்பது இந்த நேரத்தில்தான். படகின் விளிம்பில் உட்கார்ந்து பாதத்தை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். துடுப்பின் மேல்முனைப் பிடியை விடவே கூடாது. விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல்லைப் பதம் பார்த்துவிடும். முன்னால் உள்ள இருவர் போடும் தாளத்துக்கே மற்றவர்களும் துடுப்புப் போட வேண்டும். புஜபலம் அப்புறம்தான்.

அலை தலைக்கு மேல் எழும்பும்போது துடுப்பை நிறுத்திவிட்டுக் குனிந்துகொள்ளத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆபத்தே அதில்தான். நீரின் வேகத்திலேயே மிதந்துபோகும் படகு வைக்கோல் மாதிரி; பின்னால் இருக்கும் கைடு எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அதைத் திருப்ப முடியாது. படகு குறுக்காகத் திரும்பி அலையில் மாட்டினால் கவிழ்ந்துவிடும். பயத்தை மீறி நாலு தடவை துடுப்புப் போட்டால் அலையைக் கிழித்துக்கொண்டு போய்விடலாம்.

தண்ணீரில் விழுந்தவர் எழுந்து நிற்க முயல்வது இன்னொரு தவறு. பாறை இடுக்கில் கால் சிக்கினால் முழங்கால் ஆழத் தண்ணீரும் ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதந்தால் கூட வரும் கயாக் படகுக்காரர் வந்து இழுத்துக்கொள்வார்.

சனி, ஞாயிறு கூட்டத்தில் அவசரப்பட்டுச் சுருக்கப்படுவதும் இந்தப் பாடம்தான். அடுத்த குழு ஜீப்பில் காத்திருக்கும்போது பத்து நிமிஷப் பேச்சு இரண்டு நிமிஷமாகிவிடுகிறது. ஒழுங்கான விதிமுறைகளை வகுக்கும்வரை ராஃப்டிங்கை நிறுத்தி வைக்குமாறு 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. படகையே நம்பியிருந்த கர்வாலி இளைஞர்களுக்கு அது பெரிய அடி. ஆனாலும் அரசுக்கு அந்தக் குட்டு தேவையாகவே இருந்தது.

ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளம் செம்மண் நிறத்தில் பாயும்போது படகுகள் கரையேறிவிடும். செப்டம்பரில் தண்ணீர் வடிந்ததும், அனுமதி தருவதற்கு முன் தொழில்நுட்பக் குழு ஒன்று ஆற்றின் நிலைமையைப் பார்வையிடுகிறது. சுற்றுலாப் பயணிகளின் முறை அதற்கு அப்புறம்தான்.