கையில் காட்ட ஒரு காகிதம்

‘பெண் காணவில்லை’ என்று ஒரு தகப்பன் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் ஊரறிந்த சங்கதி. எஃப்.ஐ.ஆர். விழும். செல்போன் எண்ணை வைத்து டவர் பார்ப்பார்கள். கூடப் படித்தவர்களைக் கூப்பிட்டு உருட்டுவார்கள். ஆள் அகப்பட்டதும் ஸ்டேஷன் வாசலில் இரண்டு குடும்பமும் கூடி நிற்க, பஞ்சாயத்து தொடங்கும். சாதி விட்டுச் சாதி காதலித்தவர்கள் இந்தப் பாதையில் பல்லாண்டுகளாக அடிபட்டு ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: முதலில் கல்யாணத்தை முடி, பதிவு செய், மாலையும் கழுத்துமாக எஸ்.பி. அலுவலகத்தில் போய் நில். “ரெண்டு பேரும் மேஜர், கல்யாணமும் ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, நாங்க என்ன பண்ண முடியும்?” என்று இன்ஸ்பெக்டர் கைவிரிக்க அந்தச் சான்றிதழ் போதும். அது உயிருக்கு உத்தரவாதம் தராது என்பதை 2016-இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மறுத்து மணந்த ஓர் இளைஞர் கொல்லப்பட்டது காட்டியது. ஆனாலும் ஸ்டேஷன் வாசலைத் தாண்ட அது உதவும்.

காணாமல் போன பெண் இன்னொரு பெண்ணோடு போயிருந்தால்? புகார் அதேதான், எஃப்.ஐ.ஆரும் அதேதான். இருவரும் மேஜர் என்பதிலும் மாற்றமில்லை. காட்டுவதற்குத்தான் காகிதம் இல்லை.

தமிழ்நாட்டில் ஒருபால் ஈர்ப்பாளர்களின் உரிமை பற்றிய மிக முக்கியமான தீர்ப்பு, திருமணம், வேலை, இட ஒதுக்கீடு எதையும் கேட்டுப் பிறந்ததல்ல; இப்படியொரு ‘காணவில்லை’ புகாரிலிருந்து பிறந்தது என்பது தற்செயல் இல்லை. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 20, சென்னைக்கு வந்து தன்னார்வலர்களின் உதவியோடு தங்கினார்கள். இரு வீட்டாரும் புகார் கொடுக்க, இரண்டு வழக்குகள் பதிவாயின. போலீஸ் விசாரணை துரத்தியதும் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டு வந்து 2021 ஜூன் 7-ஆம் தேதி அவர் உத்தரவு எழுதினார். நீதிபதிகள் இப்படிச் செய்வது அபூர்வம் என்பதால் அதுவே பெரிய செய்தியானது. உத்தரவின் முதல் கட்டளையோ மிகச் சாதாரணமானது. காணவில்லை என்று புகார் வந்து, விசாரணையில் இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும். தொந்தரவு செய்யக் கூடாது. இவ்வளவுதான்.

இந்த ‘இவ்வளவு’க்கு உயர் நீதிமன்றம் தேவைப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாடு அரசு காவல்துறையினரின் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதியைச் சேர்த்தது. பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரையோ அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையோ எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. ‘மாற்றும் சிகிச்சை’ என்ற பெயரில் ஒருவரின் ஈர்ப்பை மருந்தாலும் மிரட்டலாலும் திருத்த முயல்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக அமைந்துவிட்டதாகத் தோன்றியது.

விதி வந்து மூன்றாண்டு கழித்து குடியாத்தத்தில் நடந்ததைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 25 வயதுப் பெண் ஒருவரை அவருடைய குடும்பம் பிடித்து வைத்திருப்பதாக அவருடைய தோழி புகார் கொடுத்தார். ஒரே இடத்தில் அல்ல, புதுச்சேரி ரெட்டியார்பாளையம், பெங்களூரு ஜீவன் பீமா நகர், குடியாத்தம் என்று மூன்று ஊர்க் காவல்துறைக்கு. பலனில்லை. குடியாத்தம் போலீஸ் அந்தப் பெண்ணைப் பெற்றோருடன் போகும்படி கட்டாயப்படுத்தி அனுப்பியது. வீட்டில் அடித்ததாகவும், ‘சரியாகிவிட’ வேண்டும் என்று சடங்குகள் செய்ய வைத்ததாகவும் அந்தப் பெண்ணே பிறகு நீதிபதிகளிடம் சொன்னார். ஆட்கொணர்வு மனுவை விசாரித்த நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு 2025 மே 22-ஆம் தேதி அவரை விடுவித்தது. போலீஸின் மெத்தனத்தைக் கண்டித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, ஒருவர் தேர்ந்துகொள்ளும் குடும்பத்தையும் சட்டம் அறியும் என்றது.

அந்த வழக்கில் கூர்ந்து பார்க்க வேண்டிய சின்ன விவரம் ஒன்று உண்டு. மனுதாரர் தம் மனுவிலும் சரி, போலீஸுக்குக் கொடுத்த புகார்களிலும் சரி, தம்மை ‘நெருங்கிய தோழி’ என்றுதான் சொல்லியிருந்தார். அந்தத் தயக்கம் தங்களுக்குப் புரிகிறது என்றார்கள் நீதிபதிகள். அவர்களுக்குப் புரிந்தது; ஆனால் ஸ்டேஷனில் எழுத்தர் முன் நிற்கும்போது, ‘நெருங்கிய தோழி’ கொடுக்கும் புகாரும் ‘பெற்ற தாய்’ கொடுக்கும் புகாரும் ஒரே எடை ஆகுமா? உறவின் பெயரைச் சொன்னால் கேலி, சொல்லாவிட்டால் ‘நீ யாரும்மா கேட்க?’

இந்தக் கேள்வி ஒருபால் ஈர்ப்பாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. திருநங்கையர் விஷயத்தில் நாட்டுக்கே முன்மாதிரி என்று தமிழ்நாடு பெருமைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. 2008-இல் இங்கே நல வாரியம் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்புக்கு, அதாவது தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்ற 2014 தீர்ப்புக்கு, ஆறு ஆண்டுகள் முன்னால். நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் பெண்களோடு திருநர்களுக்கும் கிடைத்தது. நீதிமன்றம் போய்ப் போராடித் தேர்வெழுதிய பிரித்திகா யாஷினி 2017-இல் தருமபுரியில் உதவி ஆய்வாளர் ஆனார். பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீயும் பெற்றார், மாநிலத் திட்டக் குழுவிலும் அமர்ந்தார். பட்டியல் நீளமானது. குறைகளும் உண்டு, கல்வியிலும் வேலையிலும் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்டு கிரேஸ் பானு போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருக்க, கர்நாடகம் 2021-லேயே அரசு வேலைகளில் ஒரு சதவீதம் கொடுத்துவிட்டது.

ஆனால் இந்த நலத்திட்டங்கள் எல்லாம் ஒரு தனி ஆளைப் பார்த்து நீட்டப்படுபவை. ‘இவருக்கு யார் உறவு?’ என்ற கேள்வியை அவை தொடுவதே இல்லை. வீட்டை விட்டு வந்த, அல்லது விரட்டப்பட்ட, திருநங்கைக்குச் சோறு போட்டு இடம் கொடுத்தது அரசு அல்ல, ஜமாத். அங்கே ஒரு மூத்த திருநங்கை அம்மா ஆகிறார், வந்தவர் மகள் ஆகிறார். அம்மாவின் அம்மா நானி. ஏ. ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ நூலைப் படித்தவர்களுக்கு இந்த உறவின் அடர்த்தி தெரியும், அதற்குள் இருக்கும் அதட்டலும் அதிகாரமும்கூடத் தெரியும். திருநங்கையர் கூடும் கூவாகம் திருவிழாவைச் சித்திரைதோறும் வண்ணப்படமாகப் போடும் பத்திரிகைகள் இந்த அம்மாக்களை அதிகம் எழுதுவதில்லை. காய்ச்சலில் படுத்தால் பார்ப்பதும், ஜாமீன் எடுக்க ஓடுவதும், செத்தால் காரியம் செய்வதும் அந்த அம்மாவோ மகளோதான்.

2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டம் குடும்பத்துக்கு இலக்கணம் சொன்னது: இரத்தத்தால், திருமணத்தால், சட்டப்படியான தத்தால் உறவானவர்கள். பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் அனுப்ப வேண்டிய இடம் மறுவாழ்வு மையம். பிறந்த வீடு, இல்லாவிட்டால் விடுதி, நடுவில் ஒன்றுமில்லை. நூற்றாண்டுகளாக நடுவில் இருந்துவரும் ஜமாத் வரைவு எழுதியவர்களின் கண்ணில் படவில்லை. ஓர் அம்மா உழைத்துக் கட்டிய வீட்டை உயில் எழுதாமல் இறந்துபோனால், என்றோ அவரைத் துரத்திய உடன்பிறப்புகளுக்குத்தான் அது போகும். கூடவே வாழ்ந்த மகள் சட்டத்தின் முன் அந்நியர்.

திருநம்பிகளின் நிலைமை இதைவிடச் சிக்கல். பெண்ணாகப் பிறந்தவர் என்று கருதப்பட்டு வளர்க்கப்படுவதால் வீட்டை விட்டு வெளியேறும்போது அவர்களுக்கும் அதே ‘பெண் காணவில்லை’ புகார் விழுகிறது. போய்ச் சேர ஜமாத் போன்ற பழைய அமைப்பும் கிடையாது.

உறவுக்குக் காகிதம் கிடைத்தால் என்ன மாறும் என்பதற்கு தூத்துக்குடி உதாரணம். 2018 அக்டோபரில் அங்கே ஒரு கோயிலில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. பதிவு செய்ய அதிகாரி மறுத்தார். இந்து திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்ல, பதிவு கிடைத்தது. ஆண், பெண் என்ற பழைய சட்டகத்துக்குள் பொருந்த முடிந்ததால் அந்த இணைக்கு வழி திறந்தது. இரண்டு ஆண்களுக்கோ இரண்டு பெண்களுக்கோ அந்த வழி இல்லை.

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவிலிருந்து வயது வந்தோரின் விருப்ப உறவை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி, ஒருபால் திருமண வழக்கில், திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். கூட்டுவாழ்வுக்குச் சட்ட அங்கீகாரம் என்ற கோரிக்கையும் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. அது சட்டமன்றங்களின் வேலை என்று பந்து திருப்பி அனுப்பப்பட்டது. அதன்பின் ஒன்றிய அரசு 2024-இல் சில சுற்றறிக்கைகள் விட்டது: சேர்ந்து வாழ்பவர்களை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை. அரிசி வாங்கும்போது குடும்பம், ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும்போது அந்நியர் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. அதே ஆண்டு ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அமலான பாரதிய நியாய சன்ஹிதா 377-ஐ முற்றாகக் கழற்றிவிட்டது. நல்லதுதானே என்று தோன்றும். ஆண்மீதோ திருநர்மீதோ நடக்கும் பாலியல் வன்முறைக்கு இருந்த ஒரே கடுமையான பிரிவும் அதோடு போனது. திருநர் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான்.

இந்த இடத்தில்தான் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் சொன்ன ஒரு யோசனை கவனத்துக்குரியது. திருமணம் என்ற பெரிய கதவு மூடியிருந்தாலும், சேர்ந்து வாழும் இருவர் ‘குடும்ப இணைவுப் பத்திரம்’ ஒன்றை எழுதிப் பதிவு செய்துகொள்ள அரசு ஒரு நடைமுறையை உண்டாக்கலாம் என்றார் அவர். அது கல்யாணம் ஆகாது. வாரிசுச் சட்டத்தை மாற்றாது. காப்பீட்டு நிறுவனத்தையோ ஓய்வூதிய அலுவலகத்தையோ கட்டுப்படுத்தாது. இதை அரைகுறைத் தீர்வு என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கோபம் சரியானதே. ஆனால் குடியாத்தம் ஸ்டேஷனில் ‘நீ யாரும்மா?’ என்ற கேள்விக்கு அது ஒரு பதில். ஜமாத்தின் அம்மாவும் மகளும்கூட அதே மாதிரி ஒன்றைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பெற்றோரை வில்லன்களாக்கி எழுதுவது எளிது. மதுரை வழக்கில் உளவியலாளர் பெற்றோரிடம் பேசிவிட்டு அறிக்கை கொடுத்தபோது, ஒரு பெண்ணோடு வாழ்வதைவிட மகள் கடைசிவரை தனியாகவே இருந்துவிட்டால்கூடக் கௌரவம்தான் என்று அவர்கள் நினைப்பது வெளிப்பட்டது. கல்யாணம் செய்யாத மகளை ‘பாரம்’ என்று பேசும் சமூகத்தில் இந்தப் பதில் வருகிறதென்றால், நாலு பேர் வாய்க்கு எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! இந்தப் பயத்தைக் கடந்தவர்களும் உண்டு. ‘ஸ்வீகார்’ என்ற பெற்றோர் அமைப்பைச் சேர்ந்த 400-க்கும் மேற்பட்டவர்கள், தங்கள் பிள்ளைகளுக்குத் திருமண உரிமை வேண்டும் என்று 2023-இல் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். பிள்ளைகளுக்கு ஆலோசனை வழங்க ஆளிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெற்றோரைப் புதிதாகத் தவிக்கும் பெற்றோரிடம் அழைத்துப்போக எந்த மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் ஏற்பாடு இருப்பதாகத் தெரியவில்லை. செலவு அதிகம் பிடிக்காத வேலை அது.

அந்தக் குடும்ப இணைவுப் பத்திரத்தைப் பதிய டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? திருமணமும் பத்திரப் பதிவும் பொதுப் பட்டியலில் உள்ளவை. மாநிலம் நினைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் 1920-களின் இறுதியிலிருந்து நடந்த சுயமரியாதைத் திருமணங்களை, சட்டப்படி செல்லாதவை என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மனைவிகள் மனைவி அல்லாதவர்கள் ஆனார்கள், பிள்ளைகளின் சொத்துரிமை கேள்விக்குள்ளானது. அண்ணா முதல்வரானதும் 1967-இல் இந்து திருமணச் சட்டத்துக்கே மாநிலத் திருத்தம் கொண்டுவந்தார். குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அந்தத் திருத்தம் இனிமேல் நடக்கப்போகும் திருமணங்களோடு, ஏற்கெனவே நடந்து முடிந்தவற்றையும் சேர்த்தே செல்லுபடி ஆக்கியது. அதற்குள் அந்தத் தம்பதிகளில் பலர் பேரன் பேத்தி எடுத்திருந்தார்கள்.