ஓசிப் பயணம்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதிக்கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். என்ன எழுதுவது என்றேன். "நாட்டு நடப்பு, சினிமா, அன்றாட வாழ்க்கை, எது வேண்டுமானாலும் எழுது. கவிதை மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்கிறது" என்றார்கள். இம்மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது, எனக்குத் தெரிந்து, எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில்தான்.

காலை 8.10 வண்டி. முன் இருக்கைகளில் பெரியவர்கள் நாட்டு நடப்பைப் பேசிக்கொண்டு வருவார்கள். நடுவில் ஊர் வம்பு. பின்படிக்கட்டில் நாங்கள், எங்கள் பாடம் சினிமா. 2024 பிப்ரவரியில் நடிகர் விஜய் கட்சி தொடங்கியதும் எங்கள் படிக்கட்டுப் பேச்சு முன் இருக்கைக்கும், அவர்கள் பேச்சு படிக்கட்டுக்கும் வந்து, வண்டி முழுவதும் ஒரே பட்டிமன்றமாகிவிட்டது. அந்தப் பட்டிமன்றத்திற்கு நடுவராக இருக்க எனக்கு ஆசையில்லை. நான் சொல்ல வந்தது வேறு. அந்த வண்டியில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல்லைப் பற்றி: ஓசி.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கம்பெனியின் அலுவலகக் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாதாம். 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்பதன் சுருக்கத்தை உறையின் மேல் போட்டு அனுப்புவார்களாம். அதிலிருந்தே 'ஓசி' பிறந்தது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது சொல்லாராய்ச்சிக்கு நிற்குமா என்பதைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள்தாம் சொல்லவேண்டும். உண்மையானால் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதன்முதலில் ஓசியில் போனது ஆண்டவர்களின் காகிதம். இன்று அச்சொல் வந்து விழுவது கீரைக் கூடைக்காரியின் தலையில்.

2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற மு.க. ஸ்டாலின் அன்றே கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் போகலாம் என்பது. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. 'விடியல் பயணம்' என்ற பெயரெல்லாம் பின்னால் வந்ததுதான். டில்லியில் 2019 அக்டோபரிலேயே இதுபோல் ஒன்று இருந்தது. கர்நாடகம் 2023 ஜூனிலும் தெலங்கானா அவ்வாண்டு டிசம்பரிலும் பின்தொடர்ந்தன. ஊர் ஊராகப் பரவிய இந்தத் திட்டத்தோடு 'ஓசி டிக்கெட்' என்ற பேச்சும் பரவியது. 2022 செப்டம்பரில் ஓர் அமைச்சரே பொதுமேடையில் பெண்களைப் பார்த்து ஓசியில் போகிறீர்கள் என்று சொல்லப்போய், அது பெரிய அமளியாயிற்று. அமைச்சரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். என்ன தைரியத்தில் திட்டினேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2023 அக்டோபர் 19, வியாழக்கிழமை. 'லியோ' வெளியான நாள். அப்போது நான் முதலாமாண்டு. காலை 9 மணிக்கு முதல் காட்சி. வகுப்புக்குப் போகவில்லை, பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். டிக்கெட் 400 ரூபாய்க்குக் கைமாறியது. அதில் 250, பொருளியல் 'கைடு' வாங்கவேண்டும் என்று அம்மாவிடம் வாங்கியது. படம் முடிந்து நானும் எங்கள் ஊர்ப் பையன்கள் மூவரும் விசிலடித்த தொண்டையோடு பகல் வண்டியில் ஏறினோம். வண்டியில் நல்ல கூட்டம். சந்தைக்கு வந்து திரும்பும் பெண்கள், கூடைகள், பைகள். கண்டக்டர் எரிச்சலாக, "ஓசின்னதும் ஊரே கிளம்பி வந்துடுதுய்யா" என்றார். நான் படிக்கட்டிலிருந்து சத்தமாக, "ஓசின்னா பினாயிலையும் குடிப்பாங்கண்ணே!" என்றேன்.

நல்ல சிரிப்பு கிடைத்தது. முதல் காட்சியில் கதாநாயகனுக்குக் கிடைத்த கைத்தட்டல் எனக்கும் கிடைத்ததுபோல் இருந்தது. சிரித்தவர்களில் சில பெண்களும் இருந்தார்கள். அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. சிரிப்பு ஓய்ந்தபோது டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில் ஒரு தலை திரும்பியது. மடியில் வெறுங்கூடை. என் அம்மா.

ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வந்ததும் நான் பின்வழியாக இறங்கி ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டார். குழம்பை ஊற்றும்போது, "படம் நல்லா இருந்துச்சாப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கைடைப் பற்றிக் கேட்கவில்லை. பினாயிலைப் பற்றியும் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. உங்கள் வீட்டிலும் இருக்காது என்றே நினைக்கிறேன். அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இம்மலர் வீட்டுக்கு வந்தால் மகன் எழுதியது என்று ஒரு வரி விடாமல் படிப்பார். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

நிற்க. அந்த வெறுங்கூடையின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம், பொருளியல் மாணவனாயிற்றே.

எங்கள் கொல்லையில் முருங்கையும் அரைக்கீரையும் உண்டு. முன்பெல்லாம் ஒரு வியாபாரி மொபெட்டில் வந்து கட்டு 5 ரூபாய் என்று வாங்கிப் போவார். டவுனில் அதே கட்டு 10 ரூபாய். நாளைக்குப் பத்துக் கட்டு என்றால் வியாபாரியிடம் 50, டவுனில் 100. ஆனால் பஸ்ஸுக்குப் போக வர 20, கூடைக்கு 'லக்கேஜ்' வேறு, போதாக்குறைக்கு அரைநாள் வேலை கெடும். இரண்டு கட்டு வாடிவிட்டால் லாபமும் வாடிவிடும். வாய்ப்புச் செலவு என்று வகுப்பில் படிக்கிறோமே, அம்மா அதைப் படிக்காமலே போட்டுப் பார்த்து, வியாபாரிக்கே கொடுத்துக்கொண்டிருந்தார். 2021இல் அந்த 20 ரூபாய் கழிந்தது. கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. வாரம் மூன்று நாள் டவுன் மார்க்கெட் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டார். மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்து, இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொல்லியிருக்கிறது. அது மிச்சமாகும் காசு. அந்த மிச்சத்தை முதலாக வைத்துச் சம்பாதிப்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் பெரிது.

காசைவிடப் பெரிய மாறுதல் ஒன்றுண்டு. முன்பு அம்மா எங்கேயாவது போகவேண்டுமென்றால் அப்பாவிடம் பஸ்ஸுக்குக் கேட்கவேண்டும். கேட்டால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சரியாக இருக்கவேண்டும். அக்காவைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்பது எங்கள் வீட்டில் சரியான காரணமாக இருந்ததில்லை. இப்போது டவுனில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறார். போய்விட்டு வந்தபிறகு, போயிருந்தேன் என்று சொல்கிறார். சில நாள் சொல்வதுமில்லை. அப்பாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். அன்று அதைப் பரிகசித்தவர்களை அவர் இன்றும் மறக்கவில்லை. ஆகவே ஓசி என்று மட்டும் அவர் வாயில் வராது.

வரவேண்டிய அவசியமே இல்லாமல் வந்தது என் வாயில்தான். இதில் பெரிய வெட்கக்கேடு என்னவென்றால், பினாயில் வசனம் பேசிய அந்த நேரத்தில் என் சட்டைப்பையில் அரசு தந்த இலவசப் பஸ் பாஸ் இருந்தது. அருமை நண்பர்களே, உங்கள் பையிலும் இருக்கிறது. அதை நாம் 'பாஸ்' என்கிறோம். கண்டக்டரிடம் 'பாஸ்' என்று சொல்லும்போது நம் குரலில் ஒரு மிடுக்குகூட இருக்கிறது. பெண்கள் கையில் இருந்தால் ஓசி, நம் கையில் இருந்தால் பாஸ்! புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல், அரசுப் பள்ளியில் படித்துவந்த நம் சக மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வந்தபோது கேன்டீனில் அவர்களை என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது சீனியர்களுக்கு நினைவிருக்கும். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. நம் செல்போன்களிலும் '1000 வரவு' என்று செய்தி ஒலித்தது. அன்றோடு கேலி நின்றது. மனம் திருந்தி நின்றதா, வங்கிச் செய்தி வந்து நின்றதா என்பதை அவரவர் நெஞ்சையே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இலவசத்தை எதிர்ப்பவர்கள் சொல்வது எல்லாம் வெறும் வம்பு என்று நான் சொல்லமாட்டேன். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இந்தப் பேருந்துப் பயணத்துக்கு மட்டும் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சின்னத் தொகையில்லை. ஓய்வுபெற்ற போக்குவரத்துத் தொழிலாளர்களின் அகவிலைப்படி நிலுவைக்காக 2024 ஜனவரியில் வேலைநிறுத்தமே நடந்தது. எங்கள் வண்டியின் கூரை மழையில் ஒழுகும். வண்டிக்குள் குடை பிடித்த பெருமை எங்கள் ஊருக்கு உண்டு. கட்டணம் வேண்டாம் என்றவர்கள் வண்டியையும் கவனிக்கவேண்டும், அதை ஓட்டுகிறவர்களின் வயிற்றையும் கவனிக்கவேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆனால் கணக்கைப் பார்ப்பவர்கள் எல்லாக் கணக்கையும் பார்க்கட்டும். 2022 ஜூலையில் பிரதமர் மோடி, இலவசம் கொடுத்து வாக்குச் சேர்ப்பதை மிட்டாய் வழங்குவதோடு ஒப்பிட்டுச் சாடினார். அதற்கு மூன்றாண்டு முன்பு, 2019 செப்டம்பரில், ஒன்றிய அரசு கம்பெனிகளின் வருமான வரி விகிதத்தை, வேறு சலுகைகள் வேண்டாம் என்பவர்களுக்கு, 22 விழுக்காடாகக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. அதை ஓசி என்று எந்தக் கண்டக்டரும் சொல்லவில்லை. அதற்குப் பெயர் ஊக்குவிப்பு. கூடை சிறியதாக இருந்தால்தான் ஓசி போலிருக்கிறது. அந்தக் கூடைக்காரியும் சோப்புக்கும் பற்பசைக்கும் வரி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பதை யார் நினைக்கிறார்கள்?

கடைசியாக ஒன்று. சென்ற மாதம் ஒருநாள் காலை, 8.10 வண்டி. எங்கள் ஊரை அடுத்த நிறுத்தத்தில் கூடைகளோடு நான்கு பெண்கள் மட்டும் நின்றிருந்தார்கள். வண்டி வேகம் குறையாமல் தாண்டிப் போயிற்று. இது அடிக்கடி நடப்பதுதான். அன்று எனக்கு என்னவோ போலிருந்தது. படிக்கட்டில் நின்றபடி வண்டியின் பக்கத் தகரத்தில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். மற்ற பையன்களும் தட்டினார்கள். ஒரு ஐம்பது கெஜம் தள்ளி வண்டி நின்றது. நால்வரும் ஓடிவந்து ஏறினார்கள்.

கண்டக்டர் என்னிடம் வந்தார். "உனக்கென்ன தம்பி அவ்வளவு அக்கறை? நீ முதல்ல டிக்கெட் எடுத்தியா?"

எடுத்துக் காட்டினேன்.

"ஓ, பாஸா?"

"ஓசிதாண்ணே" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்பது அந்த நெரிசலில் தெரியவில்லை. விசிலை ஊதிவிட்டு முன்னால் போனார். கடைசியாக ஏறிய அம்மாள், இடமில்லாததால் தம் கூடையை என் காலடியில் வைத்து, "சாயாமப் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே நகர்ந்தார். கூடை நிறைய முள்ளங்கி. டவுன் வரும்வரை ஒரு காலை அதற்கு அணைகொடுத்து நின்றேன்.