தொடத் தெரிந்தால் போதாது, விடவும் தெரியணும்!

புதுக்கோட்டை மாவட்டம், சின்ன வீரமங்கலம். இந்தக் கிராமத்து வயல்வெளியில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சேர்ந்து சமைப்பதை உலகமே செல்போனில் பார்க்கிறது. 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021 ஜூலையில் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த உயரத்தை எட்டிய முதல் யூடியூப் சேனல் அதுதான்.

அடுப்பு மூட்டி, வெங்காயம் உரித்து, அண்டா இறங்க மணிக்கணக்கில் ஆகும். ஆனால், திரையில் வருவது சில நிமிடங்கள்தான். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்வதுதான் எடிட்டிங்.

இன்று அந்த வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. காதுகுத்து, வளைகாப்பு என்றால் கைன்மாஸ்டர், வி.என்., இன்ஷாட் ஆப்களோடு பிள்ளைகள் உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசியில் பார்த்தால், பாட்டி திருநீறு பூசிய காட்சியைக் காணோம்! பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: செலக்ட் செய்த கிளிப்பை யாரும் விடுவிக்கவில்லை.

டைம்லைனில் ஒரு கிளிப்பைத் தொட்டதும் அதைச் சுற்றிக் கட்டம் விழும். அதன்பின் வெட்டு, வேகம், அழி என எந்த பட்டனைத் தட்டினாலும் அந்தக் கிளிப்புக்குத்தான் போய்ச் சேரும். ஓரத்தில் விரல் பட்டு இழுபட்டால்கூட காட்சி சுருங்கிவிடும். வேலை முடிந்ததும் டைம்லைனில் காலியான இடத்தை ஒருமுறை தட்ட வேண்டும். கட்டம் மறைந்தால் கிளிப் விடுபட்டது என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரில் பிரீமியர் புரோ பயன்படுத்துவோர், ஷிப்டை அழுத்தியபடி கிளிக் செய்து பல கிளிப்களைச் சேர்க்கலாம். சேர்த்ததில் ஒன்றை மட்டும் அதேபோல் கிளிக் செய்து விலக்கலாம். கன்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லாமே விடுபடும். ஆல்ட்டை அழுத்தியபடி கிளிக் செய்தால், காட்சியைத் தொடாமல் சத்தத்தை மட்டும் பிடிக்கலாம்.

தப்பாக அழித்துவிட்டாலும் பதற வேண்டாம். பின்னோக்கி வளைந்த அம்புக்குறியைத் தட்டினால் காட்சி திரும்பும். ஆப்பில் அழிப்பது டைம்லைனை விட்டுத்தான் போகும். கேலரியில் அசல் அப்படியே இருக்கும். ஆனால், இடம் போதவில்லை என்று கேலரியில் அசலையே அழித்தால், பல ஆப்களில் எடிட்டிங்கிலும் அந்தக் காட்சி காணாமல் போய்விடும். வீடியோ முழுதாகத் தயாராகி, இன்னொரு இடத்தில் ஒரு பிரதி சேரும்வரை அசல் இருக்கட்டும்.

பிரியாணியை மறுநாளும் சமைத்துப் படம் பிடிக்கலாம். காதுகுத்தில் பாட்டி பூசிய திருநீறுக்கு ரீடேக் கிடையாது!