கோதாவில் இறங்கியவனும் தொழிலாளியே

கொருக்குப்பேட்டை இரயில்வே கேட் மூடியிருக்கும் வேளைகளில், சரக்கு வண்டி கடந்து போகும்வரை சைக்கிளிலும் ஆட்டோவிலும் காத்து நிற்கிற ஜனங்களுக்கிடையே நடக்கும் சம்பாஷணைகளில், அரசியலுக்கும் சினிமாவுக்கும் அடுத்தபடியாகக் குத்துச்சண்டைக்கும் குஸ்திக்கும் ஒரு நிலையான ஸ்தானம் உண்டென்பதை இந்தப் பக்கத்தில் பழகியவர்கள் அறிவார்கள். வயோதிகர்கள் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயரை மரியாதையுடன் உச்சரித்து, கித்தேரிமுத்து டெர்ரியை வீழ்த்திய கதையைத் தங்கள் தகப்பன்மார் சொல்லக் கேட்டபடியே சொல்வார்கள். நடுவயதினரோ, கேபிள் டி.வி. வீட்டுக்கு வீடு நுழைந்த காலத்தில் தாங்கள் கண்டு வியந்த அமெரிக்க மல்லர்களைப் பற்றியும், அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று பள்ளிக்கூடம் முழுவதும் சத்தியம் செய்து நம்பியதைப் பற்றியும் பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து முட்டும்: அந்த அமெரிக்கக் குஸ்தி நிஜமா, நாடகமா?

என்னுடைய அபிப்பிராயத்தில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்து வெகுகாலமாயிற்று. விளையாட்டுத் துறையின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறும் பொருட்டு, 1989-ஆம் ஆண்டிலேயே அந்த வியாபாரத்தின் தலைமைக் கம்பெனி தன் குஸ்தி வெறும் கேளிக்கைதான் என்று நியூஜெர்சி மாகாணத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. ஜெயிப்பவர் யார், தோற்பவர் யார் என்பது முன்னதாகவே தீர்மானிக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் கயிற்றின் மேலேறிக் கீழே குதிப்பவனுடைய முதுகெலும்பும், நாற்காலியால் அடிபடுகிறவனுடைய மண்டையும் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவையல்ல. 1999 மே 23-ஆம் தேதி கான்சாஸ் சிட்டி நகரில், அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் இறங்குவதாக அமைக்கப்பட்ட காட்சியில் கொக்கி விடுபட்டு விழுந்து, ஓவன் ஹார்ட் என்ற கானடா தேசத்து மல்லர் மாண்டார்; அன்றைய நிகழ்ச்சியோ நிறுத்தப்படாமல் தொடர்ந்து நடந்தது. ஆகவே, நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சரீரத்தையே மூலதனமாகப் போட்டு நமக்கு உற்சாகமூட்டியவன், அந்தச் சரீரம் தளர்ந்த பிறகு எதைக் கொண்டு ஜீவிப்பான் என்பதே அந்தக் கேள்வி.

இதை அமெரிக்க மல்லர்களுக்குள் உரத்துக் கேட்டவர் ஜெஸ்ஸி வெஞ்சுரா. ஜேம்ஸ் ஜார்ஜ் ஜானோஸ் என்ற இயற்பெயருடன் 1951-ல் மினியாபொலிஸ் நகரில் பிறந்து, கடற்படையில் சேவை செய்து, 1975-ல் குஸ்தித் தொழிலில் புகுந்த அவர், கழுத்தில் வண்ண இறகு மாலையும் கண்ணில் விசித்திரமான கண்ணாடியுமாக மேடையேறி, ஜனங்களின் ஏச்சை விரும்பி வாங்கிக்கொள்ளும் வில்லனாகவே பிரசித்தி பெற்றார். 1984-ல், புகழின் உச்சியிலிருந்த ஹல்க் ஹோகனுடன் பட்டத்துக்காக மோதவிருந்த தருணத்தில், அவருடைய நுரையீரலில் இரத்தக் கட்டிகள் தோன்றின. இத்தகைய தொழிலில் நோய்வாய்ப்பட்டவனுக்குச் சம்பளமில்லை. கம்பெனியின் கணக்கில் மல்லர்கள் உத்தியோகஸ்தரல்லர், தனி ஒப்பந்தக்காரர்களே. ஆதலால் மருத்துவக் காப்பீடும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. உடல் தேறியபின் பெரும்பாலும் வர்ணனையாளராகவே காலம் கழித்த வெஞ்சுரா, 1986-ல், இரண்டாம் ரெஸில்மேனியா என்னும் பெருவிழா நெருங்கிய சமயத்தில், உடைமாற்றும் அறையில் சக மல்லர்களைக் கூட்டி, விளம்பரமெல்லாம் செய்து முடித்த கம்பெனி இப்போது நம்மை இழக்க இயலாது, சங்கம் அமைக்க இதுவே வேளை என்று எடுத்துரைத்தார்.

சங்கம் அமையவில்லை. செய்தி முதலாளியான வின்ஸ் மெக்மஹனின் செவிக்கு உடனே எட்டியது. எட்டச் செய்தவர் யார் என்பது, தம் வர்ணனை அடங்கிய வீடியோ நாடாக்களின் விற்பனையில் தமக்குரிய பங்கைக் கேட்டு வெஞ்சுரா பிற்காலத்தில் தொடுத்த வழக்கில், பிரமாண வாக்குமூலத்தின் மூலம் வெளிப்பட்டது: ஹல்க் ஹோகன்தான். தாம் நண்பரென்று நம்பியவர் பெயரைக் கேட்டு வெஞ்சுரா அடைந்த மனவேதனையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வழக்கில் 1994-ல் நடுவர்கள் அவருக்கு எட்டு லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை வழங்கினார்கள். எனினும் அது ஒரு மனிதருக்குக் கிடைத்த நியாயமேயொழிய, அந்த அறையில் அன்று மௌனமாய் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்குக் கிடைத்ததன்று. இதற்கிடையே புரூக்ளின் பார்க் நகரத்தின் மேயராகவும் இருந்த அவர், 1998 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளையும் தோற்கடித்து, மின்னசோட்டா மாகாணத்தின் கவர்னர் பதவியில், நம் நாட்டு முதலமைச்சருக்கு ஒப்பான அந்தப் பதவியில், நான்காண்டுகள் அமர்ந்தார். 2001 அக்டோபரில் அம்மாகாண ஊழியர்கள் பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்தபோது, மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவரே. அதற்காக அவரை நான் தாழ்த்தி எண்ணவில்லை. ஆயினும் சங்கத்தின் தேவையை அறிந்த ஒரு மனிதர் அதிகாரத்தில் இருப்பது, சங்கம் இருப்பதற்கு ஈடாகாது என்பதை அந்தச் சம்பவம் ஐயமறக் காட்டுகிறது.

இதை வடசென்னைக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து சிறிது தூரத்திலேயே, பெரம்பூர்ப் பக்கத்து பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு, 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் அதற்கு வித்திட, வாடியா தலைமை தாங்க, திரு.வி.க. தம் தமிழையும் தேகத்தையும் அதற்கே அர்ப்பணம் செய்தார். வெஞ்சுரா கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தார். இங்கேயோ 1920-ல் அந்த ஆலைகளை நடத்திய பின்னி கம்பெனி வாடியா முதலியோர் மீது வழக்குத் தொடுத்து, தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டலாகாதென்று உயர்நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. சங்கம் அமைத்தலே குற்றமாகக் கருதப்படக்கூடிய அந்த நிலைமையைக் கண்டு எழுந்த கிளர்ச்சியின் பலனாகவே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. இத்தேசத்துத் தொழிலாளர் அனைவருக்கும் வழிகாட்டிய இந்த மண்ணில், ஒரு வகைத் தொழிலாளரை மட்டும் நாம் தொழிலாளரென்றே எண்ணாமல் விட்டுவிட்டோம் என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது.

அவர்கள்தாம் நம்முடைய குத்துச்சண்டைக்காரர்கள். பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தும், காசிமேட்டில் வலை இழுத்தும், ஆலையில் நின்றும் கூலி பெற்று, மாலையில் வாத்தியாரின் கீழ்ப் பயிற்சி பெற்று, ‘ரோசமான குத்துச்சண்டை’ என்று நோட்டீஸ் அடித்து டிக்கெட் விற்ற பந்தயங்களில், பரம்பரையின் மானத்துக்காகவும் சொற்பப் பணத்துக்காகவும் அவர்கள் மோதினார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள், 1990-களுக்குள் அந்தப் பந்தயங்கள் மங்கி மறைந்தன. 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் வெளிவந்தபோது தமிழ்நாடு முழுவதும் அந்தப் பெயர்களைக் கொண்டாடியது நல்லதே. ஆனால் கொண்டாட்டத்தினால் ஒருவருடைய மருந்துச் செலவு தீர்ந்துவிடாது. மல்லர் தாராசிங்கைப்போல் சினிமாவும் மாநிலங்களவை ஸ்தானமும் கைகொடுத்துக் கௌரவமான முதுமையை அடைந்தவர்கள் இத்துறையில் விதிவிலக்கு.

நலிந்த நிலையிலுள்ள முன்னாள் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் ஓய்வூதியம் வழங்கிவருகிறது. அது போற்றத்தக்க ஏற்பாடு. ஆயினும் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் கலந்துகொண்டு வென்ற சான்றிதழே அதற்கு வாயில். பணத்துக்காக மோதிய பந்தயத்துக்குச் சான்றிதழ் ஏது? பணம் வாங்காமல் விளையாடுவதே உயர்ந்ததென்ற பழைய ஆங்கிலேயக் கொள்கை, வசதியுள்ளவர்களுக்குப் பொருத்தமாயிருந்திருக்கலாம். வயிற்றுக்காக அடிபட்டவனை அந்தக் காரணத்துக்காகவே ஒதுக்குவது தர்மமாகாது.

சரீர சேதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலையில் அடுத்தடுத்து அடிபடும் குத்துச்சண்டைக்காரர்களுக்குக் காலப்போக்கில் மூளை பழுதடைந்து, நடை தள்ளாடி, நினைவு தடுமாறுவதை மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் 1928-லேயே எழுதி வைத்தார். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் நின்றபோது, இந்த நகரம் திரண்டு சென்று ஆரவாரித்தது. நான்கே ஆண்டுகளில் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக வைத்தியர்கள் தெரிவித்தார்கள். உலகம் முழுவதும் அறிந்த அந்த மாவீரனுக்கு வைத்தியர்கள் சூழ்ந்திருந்தார்கள். தண்டையார்பேட்டைச் சந்தொன்றில் கை நடுங்க உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு அது குத்துச்சண்டையால் வந்ததா, வயதினால் வந்ததா என்று சொல்லவும் ஆளில்லை.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையுமல்ல. 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடலுழைப்புத் தொழிலாளருக்கும், 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் நல வாரியங்கள் வைத்து நடத்தும் ஓர் அரசாங்கம், தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரரையும் குஸ்திக்காரரையும் அவற்றில் ஒன்றில் சேர்த்துக்கொள்ள ஓர் உத்தரவே போதும். சான்றிதழுக்குப் பதிலாகப் பழைய நோட்டீஸையும், பத்திரிகைச் செய்தியையும், உயிருடனிருக்கும் வாத்தியார்களின் சாட்சியத்தையும் ஏற்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையில் மாதம் ஒரு நாளேனும் இவர்களுக்கென்று நரம்பியல் பரிசோதனைக்கு ஒதுக்க வேண்டும். வடசென்னையின் சட்டமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, இதை வரும் கூட்டத் தொடரிலேயே எழுப்பக் கடமைப்பட்டவர்கள்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ அக்காலத்துப் பந்தய நோட்டீஸோ, புகைப்படமோ, டிக்கெட்டோ இருந்தால், பழைய காகிதமென்று எறிந்துவிடாமல், அதில் பெயர் கண்ட வீரரிடமோ அவருடைய குடும்பத்தாரிடமோ கொண்டுபோய்ச் சேருங்கள். நாளை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யும்போது அவர்களுக்கு அதைத் தவிர வேறு அத்தாட்சி இராது.