திரை இருண்டால் தீர்ப்பு எழுதாதீர்!

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள் நம் பெரியோர். இம்முதுமொழியைக் கட்டுரை ஏட்டில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அதற்கு மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆனால் அதன் பொருளை எனக்குக் கற்பித்தது வகுப்பறை அன்று. எங்கள் வீட்டு மேசைமேல் இருந்த ஒரு கணினித் திரை!

என் தாயார் வீட்டிலிருந்தபடியே இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறார். மடிக்கணினியின் சிறிய திரையில் எண்களைப் பார்த்துப் பார்த்துக் கண்வலி வந்ததால், பெரிய மானிட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி அதனுடன் இணைத்திருந்தார். சென்ற ஆண்டு ஒருநாள் காலையில் கணினியைத் திறந்தபோது, அந்தப் பெரிய திரை இருண்டு கிடந்தது. முதல் நாள் மாலை அதில் படம் வரைந்துகொண்டிருந்தவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை. போதாதா? "நீதான் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டாய்" என்று நான் தீர்ப்பே கூறிவிட்டேன். அம்மாவும் கடிந்துகொண்டார். "நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா" என்று அவள் அழுதது எங்கள் காதில் ஏறவில்லை. அன்று அவள் சாப்பிடாமலேயே பள்ளிக்குச் சென்றாள்.

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் அம்மா தொலைபேசியில் விவரம் சொன்னார். பொருளைக் கண்ணால் பார்க்காமலேயே, "பேனல் போயிருக்கும், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று அவரும் ஒரு தீர்ப்புக் கூறினார். ஆக, காலை பத்து மணிக்குள் ஒரு சிறுமியும் ஒரு திரையும் விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டுவிட்டனர்!

மாலையில், எங்கள் தெருவில் கல்லூரியில் பயிலும் அக்கா ஒருவர் வந்தார். மானிட்டரைப் போட்டுப் பார்த்தார். "நோ சிக்னல்" என்று ஒரு வரி தோன்றி மறைந்தது. "இது செத்துவிட்டது என்கிறீர்களே, செத்தது எழுதுமா?" என்று சிரித்தார். அடுத்து, "நேற்று இரவு அப்டேட் ஏதாவது நடந்ததா?" என்று கேட்டார். என் முகம் வெளிறியது. கணினியை நிறுத்தும்போது "அப்டேட் செய்து நிறுத்து" என்ற பொருளில் வந்த கட்டளையை அமுக்கியவள் நானேதான்!

அப்டேட்டுக்கும் திரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கணினியும் மானிட்டரும் வெறும் கம்பியால் மட்டும் இணைந்திருப்பவை அல்ல; அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கேபிளைச் செருகியவுடன், மானிட்டர் தன் பெயரையும், தன்னால் எத்தனை புள்ளிகளைக் காட்ட முடியும் என்பதையும் கணினிக்குச் சொல்கிறது. 1994ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இந்த ஏற்பாட்டுக்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். கணினியின் பக்கத்தில், படம் அனுப்பும் சில்லுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் இடையே துபாஷியாக நின்று பேசுவது "டிரைவர்" எனப்படும் சிறு மென்பொருள். அப்டேட் சில வேளைகளில் பழைய துபாஷியை அனுப்பிவிட்டுப் புதியவரை அமர்த்திவிடுகிறது. புதியவருக்குப் பேச்சு சரியாகப் பிடிபடவில்லையென்றால் திரை இருள்கிறது. திரையும் நன்றாக இருக்கும், கணினியும் நன்றாக இருக்கும். இடையில் பேச்சு மட்டும் நின்றிருக்கும். வீடுகளில் நடக்கும் பல சண்டைகளும் இப்படித்தான் அல்லவா?

அப்படியானால் என்ன செய்வது? எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும். விண்டோஸ் கணினி வைத்திருக்கும் தோழியருக்கு அந்தப் படிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, மானிட்டரின் மின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கேபிளை இரு முனையிலும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். மானிட்டரில் உள்ள பொத்தானால், கேபிள் செருகிய வாய் எதுவோ, எச்.டி.எம்.ஐ.யோ டிஸ்ப்ளே போர்ட்டோ, அதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, கணினியை முழுமையாக நிறுத்துங்கள். மானிட்டரின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்து, மீண்டும் போடுங்கள்.

மூன்றாவது, விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் "பி" விசையையும் சேர்த்து அழுத்துங்கள். கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே காட்சி, இரண்டிலும் பரந்த காட்சி, இரண்டாம் திரை மட்டும் என்ற நான்கு வழிகள் தோன்றும். "கணினித் திரை மட்டும்" என்று மாறியிருந்தால், குறை அவ்வளவுதான்!

நான்காவது, விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிப்ட், "பி" என்று மூன்றாம் படியில் சொன்ன எழுத்தை அன்று, ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை சிமிட்டும். டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலை எதுவும் அழியாது.

ஐந்தாவது, "டிவைஸ் மேனேஜர்" என்ற பகுதியில் "டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்" என்பதைத் திறந்து, டிரைவரின் விவரங்களுக்குள் சென்றால், "ரோல் பேக் டிரைவர்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அது பழைய துபாஷியை மீண்டும் அழைத்துவரும். பொத்தான் மங்கியிருந்தால், கணினியைத் தயாரித்தவர்களின் இணையதளத்திலிருந்து தக்க டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். இத்தனைக்கும் பிறகு இருளாகவே இருந்தால், மானிட்டரை வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் எரியாவிட்டால்தான் அதன்மேல் குற்றம் சாட்ட நமக்கு உரிமை உண்டு.

எங்கள் வீட்டுத் திரை ஐந்தாம் படியில் கண் திறந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

இதைக் கேட்ட சிலர், "அதனால்தான் நாங்கள் அப்டேட்டே செய்வதில்லை" என்கிறார்கள். இது சரியான முடிவாக எனக்குத் தோன்றவில்லை. 2017ஆம் ஆண்டு மே மாதம் "வான்னாக்ரை" என்ற தீய மென்பொருள் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் வேலையே தடைப்பட்டது. அதைத் தடுக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்னரே, மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது! அதைப் போடாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். அப்டேட்டிலும் தவறு நேர்வதுண்டு, மறுக்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் தந்தார்கள். ஆகவே, அப்டேட்டை ஒதுக்குவதும் தவறு. கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவதும் தவறு. தேர்வுக்கு முந்தைய இரவிலும், கணக்கு ஒப்படைக்கும் நாளுக்கு முன்பும் வேண்டாம். சில வாரம் தள்ளிவைக்கும் வசதி கணினியிலேயே உண்டு. கோப்புகளை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, ஓய்வான ஒரு சனிக்கிழமையில் செய்யலாமே!

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். கேபிள், பிளக், டிரைவர் என்றாலே "அண்ணன் வரட்டும், நீ கை வைக்காதே" என்று பெண் பிள்ளைகளிடம் சொல்லும் வழக்கம் பல இல்லங்களில் இன்னும் இருக்கிறது. எங்கள் திரையை உயிர்ப்பித்தவர் ஓர் அக்காதான். அவர் செய்ததில் மந்திரம் ஏதுமில்லை; பொறுமையும் வரிசையும்தான் இருந்தன. சமையலறையில் குழம்பில் உப்புக் குறைந்ததா, புளி மிகுந்ததா என்று சுவைத்துக் கண்டுபிடிக்கும் அறிவுக்கு இதுவும் எட்டும். எங்களை நம்பித் தொட விடுங்கள்.

அன்றிரவு நான் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "திரையை இத்தனை தடவை சோதித்துப் பார்த்தீர்களே, என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாமே, அக்கா" என்றாள். அதற்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை.

தோழியரே, கெட்டுப்போனது போலத் தோன்றும் பொருளுக்கும், குற்றம் செய்தது போலத் தோன்றும் மனிதருக்கும் நாம் தர வேண்டியது ஒன்றுதான்: முதலில் விசாரணை, பிறகே தீர்ப்பு. திரை இருண்டால் மீண்டும் ஒளிரும். ஒரு சிறு பிள்ளையின் முகம் இருண்டால் அதற்கு "ரோல் பேக்" பொத்தான் கிடையாது.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி